சோற்றுப் பார்சல் மாதிரி கட்டிய சாரி

 

எங்கள் குடும்பத்தில் யாருக்காவது மலைநாட்டில் கல்யாணம் என்றால் எனக்கு அழைப்பு வரும். "ராத்தா, சாரியை நீங்களே கொண்டுவந்து தந்திடுங்களேன். உங்க கையால வந்தா எங்களுக்குப் பயமில்லை" என்பார்கள். கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வெட்கமும் வரும். இந்தக் கைதான் ஒரு கல்யாண சாரியைக் கெடுத்த கை என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இன்று உங்களிடம் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது ஹட்டனில். வாப்பாவுக்குப் பஸாரில் சிறியதொரு புடவைக் கடை இருந்தது. டிக்கோயா, நோர்வூட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளில் ஆட்கள் வருவார்கள். மற்ற நாளெல்லாம் கடன் கொப்பிதான். நான் வாழ்க்கைப்பட்டது கொழும்பில். 1994ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு, ஜூன் முதல் வாரத்தில், என் தங்கச்சிக்கு நிக்காஹ் வைத்திருந்தார்கள். அந்த வருஷம் கடை படுத்திருந்தது. கடன் கொப்பி தடித்திருந்தது, கல்லாப் பெட்டி காலி. தங்கச்சிக்குப் புதுச் சாரி எடுக்க வழியில்லை என்று உம்மா எனக்குக் கடிதம் எழுதியிருந்தார்.

கடிதத்தை நான் மறைத்துத்தான் வைத்தேன். ஆனாலும் என் முகத்தைப் பார்த்தே மாமி கண்டுபிடித்துவிட்டார். என் கணவரின் உம்மாவைச் சொல்கிறேன். ஒன்றும் பேசாமல் அலுமாரியைத் திறந்து, தன்னுடைய கல்யாண சாரியை எடுத்து என் மடியில் வைத்தார். வெள்ளைப் பட்டு, கை அகலத்தில் பொன் சரிகைக் கரை. மாமியின் வாப்பா காஞ்சிபுரத்திலிருந்து கொண்டுவந்தது. "இது அமானிதம், மகள். கவனமாக் கொண்டு போ" என்று மட்டும் சொன்னார்.

கவனம் என்றால் அப்படியொரு கவனம்! புறப்படும் நாள் ஸுபஹ் தொழுத கையோடு சாரியை விரித்தேன். பழைய மடிப்புகள் போகட்டும் என்று தண்ணீர் தெளித்து அயன் போட்டேன். சூடு ஆறுவதற்குள் மடித்தேன். தங்கச்சிக்குப் போட்டுவிட எடுத்துவைத்த என் காப்புகள் ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டியில் இருந்தன. பெறுமதியான இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் காவல் காப்பது சுலபம் என்று, பெட்டியைச் சாரி மடிப்புகளுக்கு நடுவே வைத்தேன். பூச்சி உருண்டை இரண்டையும் போட்டேன். எல்லாவற்றையும் ஒரு தடித்த பொலித்தீன் பையில் இட்டு வாயை டேப் போட்டு ஒட்டினேன். அதற்கு மேல் இன்னொரு பை. அதற்கு மேல் கயிறு. மலைநாட்டு மழையைப் பற்றி ஹட்டன்காரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

கோட்டையிலிருந்து உடரட்ட மெனிக்கேயில் ஏறினோம். 'மலைநாட்டு நங்கை' என்று அர்த்தம் கொள்ளலாம். கல்யாண சாரியோடு போக எவ்வளவு பொருத்தமான பெயர் என்று கணவரிடம் பகடி பேசிக்கொண்டே போனேன். ரம்புக்கனைக்குப் பிறகு கோச்சி மூச்சு வாங்கத் தொடங்கும். கடுகண்ணாவை வளைவுகளில் சன்னலோரத்துப் பிள்ளைகள் எல்லாம் கத்தும். நாவலப்பிட்டி தாண்டினால் குளிர் காலைப் பிடிக்கும். வட்டவளையில் மழை எங்களுக்காகக் காத்திருந்தது. இலங்கையில் மழை அதிகம் பெய்யும் இடங்களில் வட்டவளையும் ஒன்று, ஜூன் என்றால் கேட்கவே வேண்டாம். சன்னல் இடுக்கால் அடித்த சாரலில் பெட்டியிலிருந்த பாதிப் பேர் நனைந்தோம். மேலே தட்டில் வைத்திருந்த சாமான்கள்கூட நனைந்தன. நான் பொதியை மடியில் வைத்துக் குனிந்து, என் முதுகால் மூடிக்கொண்டேன். எதிரில் இருந்த தோட்டத்து அம்மா ஒருவர், கொழுந்து எடுக்கும் கை, விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவர் தன் தலைத்துண்டை அவிழ்த்து என் பொதியின் மேல் போட்டார். "கல்யாணச் சாமானா? நனைய விடாதீங்கம்மா" என்றார்.

பிற்பகலில் ஹட்டனில் இறங்கினோம். நான் தொப்பலாக நனைந்திருந்தேன். பொதி நனையவில்லை. பெருமை தாங்கவில்லை எனக்கு. வாப்பாவின் கடையிலிருந்து கொழும்புக்கு டெலிபோன் எடுத்து, "ஒரு சொட்டுத் தண்ணி படல்ல மாமி!" என்று சொன்னேன்.

பொதியை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. அதற்குள்ளே அப்படிச் சொல்லிவிட்டேன்.

இஷாவுக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் கூடியிருக்க, உம்மா பிஸ்மில்லாஹ் சொல்லிக் கயிற்றை அவிழ்த்தார். உள் பையின் சுவரெல்லாம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. வெல்வெட் பெட்டி சாரியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உம்மா அதைத் தூக்கினார். வெள்ளைப் பட்டில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. அடுத்த மடிப்பில் கொஞ்சம் வெளிறிய சிவப்பு. அதற்கடுத்த மடிப்பில் ரோஸ். மூன்று இடம்.

யாரும் பேசவில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவர் தேசிக்காய் தேய்க்கச் சொன்னார், ஒருவர் உப்பு என்றார், ஒருவர் சவர்க்காரம் என்றார். சத்தம் கேட்டு வாப்பா வந்தார். முப்பது வருஷம் புடவை அளந்தவர் அல்லவா? "யாரும் ஒண்டும் தேய்க்கப்படாது" என்றார். பழைய வெள்ளை வேட்டித் துண்டை மடித்துக் கறையின் அடியில் ஒன்று, மேலே ஒன்று வைத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றி எடுத்தார். வந்த ஈரமும் சாயமும் துண்டில் ஏறின. வராதது நின்றுவிட்டது. பிறகு பையைக் கையில் எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சோத்துப் பார்சல் கட்டின மாதிரிக் கட்டியிருக்கிறாய், மகள்."

எவ்வளவு சரியாகச் சொன்னார் பாருங்கள். சுடச்சுடச் சோற்றைப் பொலித்தீனில் கட்டினால் என்ன ஆகும்? கொஞ்ச நேரத்தில் தாள் வியர்த்து, சோறு நசநசத்துப் போகும். நான் செய்ததும் அதுதான். தண்ணீர் தெளித்த பட்டு கைக்குக் காய்ந்ததாகத்தான் தெரியும். ஆனால் பட்டு நிறைய ஈரத்தைத் தொட்டால் தெரியாதபடி தன்னுள் வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தையும் அயனின் சூட்டையும் கொழும்பு வெக்கையையும் சேர்த்து நான் உள்ளே வைத்து ஒட்டிவிட்டேன். கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேலே இருக்கும் ஹட்டனின் குளிரில் அந்த ஆவி தண்ணீரானது. வெளியே போக வழியில்லாததால் பெட்டியின் மட்டமான சாயத்தைக் கரைத்துக்கொண்டு சாரியில் இறங்கியது. வட்டவளை மழையில் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை என்பது உண்மைதான். உள்ளே இருந்த தண்ணீர் கொழும்பில் நானே தெளித்தது.

மறுநாள் உம்மாவும் சாச்சியும் கொசுவத்தை இடம் மாற்றி மடித்து, இரண்டு கறையை உள்ளே தள்ளினார்கள். மூன்றாவதை முக்காட்டின் நுனி மறைத்தது. வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை. மணமகள் மட்டும், அலங்காரம் முடிந்து மற்றவர்கள் வெளியே போனதும் என் கையைப் பிடித்து, "ராத்தா, மாமிக்கு இன்டைக்கே சொல்லிடுங்க" என்றாள். சரி என்றேன்.

சொல்லவில்லை, சகோதரிகளே. கொழும்புக்குத் திரும்பி, சாரியை மறைத்து அலுமாரியின் அடியில் வைத்தேன். முதல் நாள் களைப்பு என்றேன். இரண்டாம் நாள் காய்ச்சல் என்றேன். தொழுகையில் நின்றால் சிவப்புத்தான் கண்ணில் வந்தது. அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கும்படி அல்லாஹ் குர்ஆனில் கட்டளையிடுவதை எத்தனை தரம் ஓதியிருப்பேன்! மூன்றாம் நாள் அஸருக்குப் பிறகு எடுத்துப்போய் மாமியின் கட்டிலில் விரித்தேன்.

மாமி கறையைத் தடவிப் பார்த்தார். நீண்ட நேரம் தடவினார். பிறகு கேட்டார்: "இது தெரிஞ்சு நடந்ததா, தெரியாம நடந்ததா?"

"தெரியாம, மாமி."

"அப்ப என்னத்துக்கு மூணு நாள் ஒளிச்சு வெச்ச?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மாமியும் அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு நாள் என்னோடு அவ்வளவாகப் பேசவும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். 'பரவாயில்லை மகள்' என்று கட்டிப்பிடித்துக்கொண்டதாக எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், ஆனால் அது உண்மையாக இராது. அது அவருடைய வாப்பா வாங்கிக் கொடுத்த சாரி. அந்த வாப்பா மவுத்தாகி வருஷங்கள் ஆகியிருந்தன.

மூன்றாம் நாள் மாமி சாரியைச் சாயக்காரரிடம் அனுப்பி அரக்குச் சாயம் ஏற்றினார். வெள்ளை போய்விட்டது. சரிகைக்கு ஒன்றும் ஆகவில்லை. கறை இருந்த இடம் இன்றும் கூர்ந்து பார்த்தால் ஒரு நிழல்போலத் தெரியும். வீட்டுக்கு வந்த சாரியை மாமி என்னிடம் தந்து, "இனி இது ஒன் பொறுப்பு. கேட்டு வாற பிள்ளைகளுக்குக் குடு" என்றார்.

இரவல் சாரியில் நிக்காஹ்வா என்று சிலர் முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன். அவர்களுக்கு ஸஹீஹுல் புகாரியில் வரும் ஒரு செய்தியை ஞாபகப்படுத்துவேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் பிற்காலத்தில் 5 திர்ஹம் பெறுமதியான, கித்ர் எனப்படும் முரட்டுத் துணி அங்கி ஒன்றை அணிந்திருந்தார்கள். அவர்கள் வீட்டில் வேலை செய்த பெண் அதை வீட்டுக்குள் உடுத்தக்கூட விரும்பவில்லை. அப்போது அன்னையவர்கள் நபி (ஸல்) அவர்களின் காலத்தை நினைவுகூர்ந்தார்கள். தம்மிடம் அதைப்போன்ற அங்கி ஒன்று இருந்ததையும், மதீனாவில் மணப்பெண்ணாக அலங்கரிக்கப்பட்ட பெண்கள் எல்லோரும் அதை இரவல் கேட்டு ஆளனுப்பியதையும் சொன்னார்கள். மணமகளுக்காக இரவல் வாங்குவது என்ற தலைப்பிலேயே இமாம் புகாரி இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அங்கி எத்தனை வீடு போய் வந்திருக்கும்! கொண்டுபோனவர்கள் எப்படி மடித்துக் கொண்டுபோனார்களோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

மாமியின் சாரியும் போய் வந்துகொண்டிருக்கிறது. தலவாக்கலை, புசல்லாவை, பண்டாரவளை, பாவா ஆதம் மலை தெரியும் மஸ்கெலியா என்று இதுவரை பதினொரு மணமகள்மார். ஒவ்வொரு தடவையும் நான் கொண்டுபோகும் முறையைச் சொல்கிறேன், உங்களுக்கு உதவும்.

அயன் போடுவதாக இருந்தால் புறப்படுவதற்கு ஒரு நாள் முந்தியே போட்டு, இரவு முழுதும் அறைக்குள் நிழலில் விரித்துவிடுவேன். சூட்டோடு எதையும் கட்டுவதில்லை. மடிப்பதும் இல்லை. புடவைக் கடைகளில் துணி சுற்றி வரும் அட்டைக் குழல் கேட்டால் சும்மாவே தருவார்கள். அதன்மேல் பழைய, பல தடவை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, அதற்கு மேல் சாரியை, இடையிடையே பருத்தித் துணி வரும்படி சுருட்டுவேன். இது வாப்பா காட்டித் தந்தது. கனத்த சரிகை மடிப்பில் முறியும், சுருளில் முறியாது. புதுத் துணியில் கஞ்சி இருக்கும், கலர்த் துணியில் சாயம் இருக்கும், பத்திரிகைத் தாளில் மை இருக்கும். ஆகவே மூன்றும் வேண்டாம். பூச்சி உருண்டையும் சரிகையில் படக்கூடாது, நான் வைப்பதையே விட்டுவிட்டேன். ஊசி குத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள், மலைநாட்டு ஈரத்தில் துருப்பிடிக்கும். நகை, பிளவுஸ், அத்தர், மருதாணி எல்லாம் வேறு பையில், முடிந்தால் வேறு ஆளின் கையில்.

மழைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். பொலித்தீனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மழையில் நடக்கும் நேரத்துக்கு மட்டும் மேலே போர்த்துங்கள், வண்டிக்குள் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

பஸ்ஸின் டிக்கியிலோ வேனின் கூரையிலோ ஒருபோதும் வைக்க வேண்டாம், மடிதான் பாதுகாப்பு. ஆனால் யார் மடி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்! கினிகத்தேனை வளைவுகளில், ரம்பொடை வளைவுகளில் எந்தப் பிள்ளை எப்போது சத்தி எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு முறை புசல்லாவைக்குப் போகையில் எனக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்த மருமகன், நல்ல பிள்ளை, சத்தமே போடாமல்... அல்ஹம்துலில்லாஹ், என் அபாயா தடுத்தது.

இப்போது பிள்ளைகள் பலருக்குக் கல் பதித்த நீள பிரொக்தான் பிடிக்கிறது. அதைச் சுருட்ட முடியாது. கைகளுக்குள்ளும் மார்புப் பகுதிக்குள்ளும் வெறும் வெள்ளைத் தாளைக் கசக்கி வைத்து, துணி உறையில் போட்டு, வேனில் ஒரு முழுச் சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுபோங்கள். கொழுக்கியில் தொங்கவிட்டால் ஒவ்வொரு வளைவுக்கும் ஆடி, கல்லோடு கல் சிக்கி நூல் அறுந்துவிடும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள். லக்கேஜில் போட்டால் அது எப்போது வந்து சேரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

போய்ச் சேர்ந்ததும், டெலிபோன் எடுப்பதற்கு முந்தி, பிரித்துப் பாருங்கள். அடுப்படிப் பக்கம் வேண்டாம். விறகுப் புகை பட்டில் ஏறினால் இலேசில் போகாது.

கடைசியாக நாள் கணக்கு. மலைநாட்டுக்கு அன்றே போய் அன்றே உடுத்துவது என்ற எண்ணமே வேண்டாம், குறைந்தது இரண்டு நாள் முந்திப் போங்கள். மழை மாதமென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டச் சொன்ன ஹதீஸ் நமக்குத் தெரிந்ததுதானே.

ஆனால் கட்டியும் நடக்காமல் போவதுண்டு. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நானுஓயாவில் ஒரு நிக்காஹ். எங்கள் சொந்தத்தில் உம்மா மட்டுமே உள்ள ஒரு பிள்ளை. சாரியைச் சுருட்டி, பையும் கையுமாக நான் தயாராக இருந்தேன். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. நுவரெலியா மாவட்டம் முழுதும் மலைகள் சரிந்தன. பாதை அறுந்தது, கோச்சிப் பாதையும் அறுந்தது. எங்கள் அழைப்பு எதுவும் போய்ச் சேரவில்லை. நாலு நாள் அந்தப் பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்றே தெரியாமல், சாரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் அவளே பேசினாள். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து லயத்து ஆட்கள் மண்சரிவுக்குப் பயந்து இடம்பெயர்ந்திருந்தார்கள். கல்யாணத்துக்கென்று வாங்கி வைத்திருந்த அரிசியையும் பருப்பையும் அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். "நிக்காஹ் குறிச்ச நாள்லயே நடக்கும், மாமி. மாப்பிள்ளை நடந்தாவது வருவேன்டு சொல்றார். நான் பெருநாள் சல்வாரைக் கழுவிப் போட்டிருக்கிறேன்" என்றாள். வலியும் சாட்சிகளும் மஹரும் இருந்தன. நிக்காஹ்வுக்கு வேண்டியவற்றில் சாரி இல்லையே! அவள் சல்வாரிலேயே மணமகளானாள்.

சில வாரங்கள் கழித்துப் பாதையொன்று திறந்தபோது நான் சாரியோடு போனேன். தேவையில்லைதான். அவளுடைய உம்மா ஆசைப்பட்டார். முன்னறையில், விருந்தாளி யாரும் இல்லாமல், உம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் மட்டும் அவள் உடுத்திக் காட்டினாள். கறை இருந்த இடத்தை அவளிடம் காட்டினேன், கதையையும் சொன்னேன். விரலால் தடவிப் பார்த்து, "மூணு நாள் ஒளிச்சு வெச்சீங்களா?" என்று மாமி மாதிரியே கேட்டாள்.

பிறகு நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, இடையில் வெள்ளைத் துணி வைத்து, அட்டைக் குழலில் சாரியைச் சுருட்டினோம். வெளியே தூறல். பஸ் ஏறும் வரைக்கும் அவள் எனக்குக் குடை பிடித்து வந்தாள். அடுத்தது கம்பளையில் ஒரு பிள்ளைக்கு, இன்ஷா அல்லாஹ்.